கிரேஃபிஷும் மீனும் ஒரே தொட்டியில்: ஒரு வருடம் சும்மா இருந்தது ஏன் ஒரே இரவில் மாறுகிறது?

சிங்கப்பூரில் 'கிரேஃபிஷ்' என்றால் ஒவ்வொருவர் மனத்திலும் ஒவ்வொன்று வரும். சீனச் சாப்பாட்டுக் கடையில் கேட்டால் தட்டில் வருவது கடலில் பிடித்த, தட்டையான, பெரிய கொடுக்கே இல்லாத ஒருவகைச் சிங்கி இறால். மாலா மசாலாவில் புரட்டிச் சிவக்கச் சிவக்கக் குவித்து, கையுறையோடு கொடுக்கிறார்களே, அது நன்னீரில் வளர்வது. மீன்கடைத் தொட்டியில் 'புளூ லாப்ஸ்டர்' என்று எழுதி ஒட்டியிருப்பது லாப்ஸ்டரே இல்லை, அதுவும் நன்னீர்க் கிரேஃபிஷ்தான். நான் இங்கே சொல்லப்போவது அந்தக் கடைசி ஆளைப் பற்றி. ஆறு குளங்களில் வாழும், இரண்டு பெரிய கொடுக்குகளோடு நடமாடும், வீட்டுத் தொட்டிக்கு ஆசையாக வாங்கிவரும் கிரேஃபிஷ்.

பெயரிலேயே இத்தனை குழப்பம் என்றால் வளர்ப்பில் கேட்கவே வேண்டாம். "மீனோடு சேர்த்து விடலாமா?" என்று நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர், "என்னுடையது ஒரு வருஷமாக மீனோடுதான் இருக்கிறது, ரொம்ப சாது" என்பார். இன்னொருவர், "ஒரே ராத்திரியில் தொட்டி காலி" என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. கிரேஃபிஷ் நல்லதா, கெட்டதா என்று அதன் குணத்தில் பதில் தேடுவதுதான் தவறு. விஷயம் குணத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. மீனுக்கு ஒரு பலவீனமான நேரம் உண்டு. கிரேஃபிஷுக்கும் ஒன்று உண்டு. இந்த இரண்டையும் புரிந்துகொண்டால் யாரை யாரோடு வைக்கலாம் என்பது தானாகவே விளங்கிவிடும்.

என் தொட்டியில் நடந்தது

யீஷூனில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில் ஒரு இரண்டடித் தொட்டி. அதில் ஆறு கோரிடோராஸ், பத்து நியான் டெட்ரா. கோரிடோராஸ் என்பது தரையைக் கிளறிக்கொண்டே திரியும், மீசை வைத்த சின்னக் கெளுத்தி வகை. மகன் ஆசைப்பட்டான் என்று விரல் நீளத்தில் ஒரு நீலநிறக் கிரேஃபிஷ் வாங்கினோம். அது ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த 'ரெட் கிளா' வகை. கடைக்கார அங்கிள், "கேன் மிக்ஸ் லா, ஸ்மால் ஒன்" என்றார். அவர் சொன்னது அன்றைக்குச் சரிதான்.

மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் கோரிடோராஸ் ஆறு ஐந்தானது, ஐந்து நாலானது. துள்ளி வெளியே விழுந்திருக்கும் என்று அலமாரிக்குப் பின்னால் டார்ச் அடித்துத் தேடினேன். உடல் கிடைக்கவே இல்லை. கிடைக்காது, மிச்சம் வைத்திருந்தால்தானே!

அதன் பிறகு ஒரு நாள் காலையில் கிரேஃபிஷே செத்துக் கிடந்தது. பக்கவாட்டில் சாய்ந்து, நிறம் வெளுத்து, அசைவில்லாமல். வலையில் அள்ளிக் குப்பைப் பைக்குக் கொண்டுபோனேன். மகன் தொட்டிக்குப் பக்கத்திலிருந்து கத்தினான்: "அப்பா, இங்கே இன்னொண்ணு இருக்கு!" கவிழ்த்து வைத்த பூந்தொட்டிக்குள்ளிருந்து இரண்டு கண்கள் எட்டிப் பார்த்தன. என் வலையில் இருந்தது வெறும் கூடு. கொடுக்கு, மீசை, கண்ணின் மேல்மூடி எல்லாமே அப்படியே இருந்தன. ஆளை மட்டும் காணோம்.

மீன் காணாமல் போனதும் இந்த வெற்றுக் கூடும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள்.

வேட்டைக்காரரா, பொறுக்கித் தின்பவரா?

கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலையில் விழுவது எதுவானாலும் சாப்பிடுபவர் ஒருவர் இருப்பார். எழுந்துபோய்ப் பரிமாறுபவரைத் துரத்த மாட்டார். ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் வந்ததை விடவும் மாட்டார். கிரேஃபிஷ் அந்த மாதிரி. காய்ந்த இலை, பாசி, நத்தை, புழு, செத்த மீன், செடியின் வேர் எல்லாம் அதற்குச் சாப்பாடு. உயிரோடிருக்கும் மீன் கைக்கெட்டினால் அதுவும் சாப்பாடுதான்.

எட்டுகிறதா என்பதை அது கண்ணைவிட மூக்கால்தான் அதிகம் அறிகிறது. மூக்கு என்று நான் சொல்வது முகத்தின் முன்னால் இருக்கும் சின்ன மீசைகளை. நீளமான பெரிய மீசை தடவிப் பார்க்க, அதற்கு நடுவில் துடித்துக்கொண்டே இருக்கும் குட்டி மீசைகள் தண்ணீரில் வாசனை பிடிக்க. ஒரு துண்டு இறாலைத் தொட்டியில் போட்டுப் பாருங்கள். முதலில் குட்டி மீசை வேகமாக அடிக்கும், அப்புறம் கால்கள் தரையைத் தட்டித் தட்டித் தேடும். அந்தக் கால் நுனிகளிலேயே சுவை தெரியும். அதனால் இருட்டு அதற்கு ஒரு தடையே இல்லை. சொல்லப்போனால் அதன் நாளே விளக்கணைத்த பிறகுதான் தொடங்குகிறது.

மொத்தம் பத்துக் கால். முதல் ஜோடிதான் பெரிய கொடுக்குகள். பிடிப்பது அவற்றின் வேலை. அடுத்த இரண்டு ஜோடிகளின் நுனியிலும் குட்டிக் கொடுக்குகள் உண்டு, அவை பிய்த்து வாய்க்கு அனுப்பும். அரைக்கும் பற்கள் இருக்குமிடம் வயிற்றுக்குள். அந்த வயிற்றை நினைவில் வையுங்கள், அதில் இன்னொரு அதிசயமும் இருக்கிறது.

இதுவரை சொன்னதன் சாரம்: கிரேஃபிஷ் துரத்துவதில்லை, கைக்கெட்டியதைப் பிடிக்கிறது. அதற்கு வெளிச்சம் தேவையில்லை.

பகலில் மூன்று மாடி, இரவில் ஒரே மாடி

தொட்டியை ஒரு புளோக், அதாவது அடுக்குமாடிக் கட்டடம், என்று வைத்துக்கொள்வோம். கிரேஃபிஷ் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறது. கோரிடோராஸ், லோச், கண்ணாடியில் ஒட்டும் பிளெக்கோ போன்ற மீன்கள் எல்லாம் அதே தளம். டெட்ராவும் ராஸ்போராவும் நடுமாடி. மேல்மாடியில் ஹேட்செட் மீன்.

வழக்கமாகக் கிடைக்கும் ஆலோசனை இதுதான்: "கீழே திரியும் மீன் வேண்டாம், மேலே நீந்தும் மீன் என்றால் பிரச்சினை இல்லை." பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்துச் சிவப்புத்தாள் ஒட்டிய டார்ச்சோடு தொட்டி முன்னால் உட்கார வேண்டும். நான் உட்கார்ந்தேன். பகலில் நடுமாடியில் கூட்டமாகப் பளபளத்த நியான் டெட்ராக்கள் நிறம் மங்கி, கூட்டம் கலைந்து, தரைக்குச் சற்று மேலே தனித்தனியாக மிதந்துகொண்டிருந்தன. மீனுக்குக் கண்ணிமை இல்லாததால் தூங்குவது நமக்குத் தெரிவதில்லை. ஆனால் இரவில் அவை ஓய்வெடுக்கின்றன, எதிர்வினை மந்தமாகிறது. கப்பி மீன் பகலெல்லாம் மேலே துள்ளிவிட்டு இரவில் மணலிலேயே வயிறு பட இறங்கிப் படுத்துவிடும். கீழ்த்தளத்துக்காரர் அந்த நேரத்தில்தான் உலா கிளம்புகிறார்.

பகலில் பார்த்துவிட்டு "ஒன்றும் செய்யவில்லையே" என்று சொல்வது, கடை மூடிய பிறகு நடந்த திருட்டுக்கு மதியம் எடுத்த படத்தைச் சாட்சியாகக் காட்டுவதற்குச் சமம்.

வேகமும் ஒரு காரணம். ஃபேன்சி தங்கமீனும் பெட்டாவும் நீளவால் கப்பியும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற கதைதான். துடுப்பு ஒன்று கொடுக்கில் சிக்கினால் போதும்.

ஆக, மீனின் பலவீன நேரம் இரவு. எந்த மீன் இரவில் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதே கேள்வி.

சட்டை உரிக்கும் இரவு

இனி கிரேஃபிஷின் பக்கம். இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

நமக்கு எலும்பு உள்ளே, சதை வெளியே. கிரேஃபிஷுக்கு எலும்பே வெளியில்தான். அந்த ஓடு சுண்ணாம்புச் சத்து ஏறி இறுகியது, கொஞ்சமும் விரியாது. பிள்ளைகளின் பள்ளிக்கூடக் காலணி மாதிரி. கால் வளரும், காலணி வளராது. ஜனவரியில் புதிது வாங்கியே ஆகவேண்டும். கிரேஃபிஷ் வளர வேண்டுமென்றால் பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். பாம்பு சட்டை உரிப்பது என்று சொல்வோமே, அதே சொல்லையே இதற்கும் வைத்துக்கொள்கிறேன்: சட்டை உரித்தல். குட்டி அடிக்கடி உரிக்கும். வளர்ந்தது வருடத்துக்குச் சில முறை.

உரிப்பதற்குச் சில நாள் முன்பே சாப்பாட்டில் ஆர்வம் போய்விடும், மறைவிடத்தை விட்டு வராது. அப்போது உள்ளே ஒரு பெரிய ஏற்பாடு நடக்கிறது. வீட்டை இடிப்பதற்கு முன் நிலைக்கதவையும் நல்ல செங்கல்லையும் எடுத்து ஓரமாக அடுக்கி வைப்பார்களே, அதுபோலப் பழைய ஓட்டிலிருக்கும் சுண்ணாம்பில் ஒரு பகுதியை உடம்பு திரும்ப உறிஞ்சிச் சேமிக்கிறது. எங்கே? வயிற்றின் சுவரில், சட்டைப் பொத்தான் போல இரண்டு வெள்ளைக் கற்களாக. இதற்கு இரைப்பைக் கல் என்று பெயர். முற்காலத்து ஐரோப்பிய மருந்துக் கடைகளில் இதை 'நண்டுக் கண்' என்று சொல்லி மருந்தாக விற்றார்கள். அது கண்ணும் இல்லை, நண்டினுடையதும் இல்லை. பெயர்க் குழப்பம் இந்தப் பிராணிக்குப் பழைய வியாதி.

நேரம் வந்ததும் முதுகோடும் வாலும் சேருமிடத்தில் ஓடு திறக்கிறது. கிரேஃபிஷ் பக்கவாட்டில் சாய்ந்து, உதறி உதறிப் பின்பக்கமாக வெளியே வருகிறது. கையுறையிலிருந்து கையை உருவுவதுபோல ஒவ்வொரு காலும் கொடுக்கும் உருவப்பட வேண்டும். குறுகிய மூட்டு வழியாகப் பெரிய கொடுக்குச் சதையை இழுக்கும் அந்த இடம்தான் ஆபத்தானது, சில சமயம் அங்கேயே சிக்கி இறந்துபோவதும் உண்டு. எல்லாம் நல்லபடி முடிந்தால், வெளியே வந்த உடம்பு தண்ணீரை உறிஞ்சி உப்புகிறது. புதுச்சட்டை இறுகுவதற்குள் ஒரு அளவு பெரிதாகிவிட வேண்டுமே! இரைப்பைக் கற்கள் கரைந்து சுண்ணாம்பு புது ஓட்டுக்குப் போகிறது. ஆனால் அந்தச் சேமிப்பு மட்டும் போதாது. மீதிக்குத் தண்ணீர், உணவு, அப்புறம் தான் கழற்றிப்போட்ட பழைய ஓடு. ஆமாம், அதைத் தின்றுவிடும். அன்று நான் குப்பைக்குக் கொண்டுபோனது அதன் மருந்துச் சாப்பாடு.

புது ஓடு நன்றாக இறுகச் சில நாள் ஆகும், பெரிய கிரேஃபிஷுக்கு இன்னும் கூடுதலாக. அதுவரை அது தோலுரித்த இறால்தான். கொடுக்கு இருக்கும், பலம் இருக்காது. ஒரு வருடமாகப் பயந்து ஒதுங்கிய மீனுக்கு அன்றைக்குத் தைரியம் வந்துவிடும். சிக்லிட் மீன்கள், பஃபர், கிளவுன் லோச் எல்லாம் கொத்திக் குதறிவிடும். 2000களின் தொடக்கத்தில் இங்கே வீட்டுக்கு வீடு லுவோ ஹான் வைத்திருந்தார்கள். அந்த முட்டைத் தலை மீனும் சிக்லிட் சாதியைச் சேர்ந்ததுதான். அரவானாவுக்கோ ஓடு இறுகியிருந்தாலும் கவலையில்லை, அதற்குக் கிரேஃபிஷ் ஒரு தீனி.

இன்னொரு கிரேஃபிஷ் இருந்தால் மீனைவிட மோசம். வாசனையிலேயே கண்டுபிடித்து வந்து தின்றுவிடும். இரண்டடித் தொட்டியில் ஜோடி வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

சுருக்கமாக: மீன் ஒவ்வொரு இரவும் கொஞ்சம் பலவீனம். கிரேஃபிஷ் எப்போதாவது ஒருமுறை முழுப் பலவீனம். ஒரு வருடம் ஒத்துப்போனவர்கள் ஒரே இரவில் பிரிவது இதனால்தான்.

கடையில் கேட்கும் ஆறுதல்கள்

"வயிறு நிறையப் போட்டால் மீனைத் தொடாது." ஆபத்து குறையும், மறையாது. பசித்தால் மட்டும் சாப்பிடுகிற பிராணி இல்லை இது. எதிரில் வந்ததைப் பிடித்துப் பார்ப்பது அதன் வழக்கம்.

"சின்னதிலிருந்தே சேர்த்து வளர்த்தால் பழகிவிடும்." என் வீட்டில் மூன்று மாதம் நடந்தது பழக்கம் இல்லை. கொடுக்கு அப்போது சின்னது, அவ்வளவுதான். ஒவ்வொரு சட்டை உரிப்புக்கும் கொடுக்கு பெரிதாகிறது. ரெட் கிளா முழுதாக வளர்ந்தால் இருபது செண்டிமீட்டரைத் தாண்டும். இரண்டடித் தொட்டியின் அகலமே முப்பதுதான்.

"கொடுக்கை உடைத்துவிட்டால் போயிற்று." இப்படிச் சொல்பவர்களும் இருக்கிறார்கள், கேட்கவே எரிச்சல். உடைந்த கொடுக்கு அடுத்தடுத்த சட்டை உரிப்புகளில் மறுபடி வளரும். நடுவில் நீங்கள் செய்தது கொடுமை மட்டும்தான்.

"தொட்டியைச் சுத்தம் செய்யும்." மிச்சத் தீனியைத் தின்னும், சரி. ஆனால் அதன் கழிவும் மீன் கழிவோடுதான் சேர்கிறது. போதாததற்குச் செடியைப் பிடுங்கி, மணலைத் தோண்டி, தண்ணீரைக் கலக்கிவைக்கும்.

அப்படியானால் யாரோடு வைக்கலாம்?

பெரிய வகைக் கிரேஃபிஷுக்கு நான் கொடுக்கும் முதல் பதில்: தனித்தொட்டி. பார்க்க மீன் இல்லையே என்று குறைப்பட வேண்டாம். ஒரு பிவிசி குழாய்க்குள் அது மண் சுமந்து போய்க் கதவு கட்டுவதைப் பார்த்தால் மீனையே மறந்துவிடுவீர்கள்.

மீன் வேண்டும்தான் என்றால், இரவிலும் மேல்தளத்தை விட்டு இறங்காத, சுறுசுறுப்பான, அதே சமயம் கிரேஃபிஷைக் கொத்தாத மீன். ஹேட்செட் மீன் இதற்குக் கிட்டத்தட்டப் பொருத்தம். நம் மலாயாப் பகுதிக்கே உரிய ஹார்லெக்வின் ராஸ்போராவும் உயரமான தொட்டியில், மேலே மிதக்கும் செடிகள் இருந்தால் ஓரளவு தப்பிக்கும். 'ஓரளவு' என்பதைக் கவனியுங்கள். அவ்வப்போது ஒன்று குறையலாம் என்று மனத்தைத் தயார்செய்துகொண்டுதான் விட வேண்டும். கிரேஃபிஷுக்கு அதன் உடம்பைவிடச் சற்றே அகலமான குழாய் ஒன்றாவது வேண்டும். சட்டை உரித்தபின் மீன் நுழைய முடியாத ஒரு அறை.

உண்மையிலேயே மீனோடு வைக்கத் தோதானது குள்ளக் கிரேஃபிஷ். மெக்சிகோவின் பாட்ஸ்குவாரோ ஏரியைச் சேர்ந்த ஆரஞ்சு நிற வகை ஒன்று கிடைக்கிறது. நாலைந்து செண்டிமீட்டர்தான் வளரும். அதன் கொடுக்கால் ஆரோக்கியமான ராஸ்போராவை ஒன்றும் செய்ய முடியாது. இங்கே கணக்கு தலைகீழ்: இதை மீன் தின்றுவிடாமல் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்கக் கண்டத்து வகைகளையும் ஆஸ்திரேலிய, பாப்புவா வகைகளையும் ஒரே தண்ணீரில் கலக்காதீர்கள். அமெரிக்க வகைகள் தமக்கு ஒன்றும் ஆகாமலே சுமந்து திரியும் ஒரு தொற்று, மற்றவற்றைக் கொன்றுவிடும்.

தண்ணீரும் மூடியும்

சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லச் சேர்ப்பது குளோரமின், அதாவது குளோரினும் அமோனியாவும் பிணைந்த ஒன்று. வாளியில் ஒரு ராத்திரி வைத்தால் போய்விடும் என்ற ஊர்ப் பழக்கம் இங்கே உதவாது. கடையில் விற்கும் ஆன்ட்டி-குளோரின் ஊற்றியே ஆக வேண்டும். நம் வீட்டுத் தொட்டிகள் இயல்பாகவே 28, 29 பாகை செல்சியஸில் இருக்கும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு. கிரேஃபிஷ் நீர்மட்டத்துக்கு ஏறி வந்து பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் அது காற்று வாங்க வந்திருக்கிறது, காற்றுக் குமிழியைக் கூட்டுங்கள்.

மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்து மருந்து ஊற்றப் போகிறீர்களா? புட்டியில் செம்பு, அதாவது காப்பர், இருக்கிறதா என்று முதலில் படியுங்கள். கிரேஃபிஷின் ரத்தம் நம்முடையதைப்போல இரும்பால் அல்ல, செம்பால்தான் ஆக்சிஜனைச் சுமக்கிறது. அப்படியிருந்தும் தண்ணீரில் கரைந்த செம்பு அதற்கு விஷம். மீன் பிழைக்கும், கிரேஃபிஷ் போய்விடும்.

சுண்ணாம்புக்குப் பறவைக் கூண்டில் தொங்கவிடுவார்களே, அந்தக் கணவாய் ஓட்டில் ஒரு துண்டு போட்டால் போதும். தீனிக்குக் காய்ந்த கெத்தப்பாங் (நாட்டு வாதுமை) இலை, வெந்நீரில் வாட்டிய கீரை, வாரத்தில் ஓரிரு நாள் இறால் துண்டு.

மூடி! செவுள் ஈரமாக இருக்கும்வரை கிரேஃபிஷ் தண்ணீருக்கு வெளியேயும் சமாளிக்கும். அந்தத் தெம்பில் காற்றுக் குழாயைப் பிடித்து ஏறி வெளியே நடந்துவிடும். என்னுடையது ஒரு முறை செருப்பு அலமாரிக்குக் கீழே, தலைமுடியும் தூசியும் ஒட்டிய கோலத்தில், கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. வயர் போகும் இடைவெளியையும் அடைத்து வையுங்கள்.

வேண்டாம் என்று ஆகிவிட்டால்

வாங்கும் முன்பே தேசியப் பூங்காக் கழகத்தின்கீழ் இயங்கும் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவைப் பிரிவு எந்த வகைகளை அனுமதிக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வளர்க்க முடியாமல் போனால் கடைக்கோ வேறு வளர்ப்பாளருக்கோ கொடுங்கள். கால்வாயிலோ நீர்த்தேக்கத்திலோ விடுவது சட்டப்படி குற்றம். ரெட் கிளா இங்குள்ள நீர்த்தேக்கங்களில் தானாகப் பெருகியிருப்பது 2007-லேயே ஆய்விதழில் பதிவாகிவிட்டது. ஆஸ்திரேலியாவின் வடகோடியிலிருந்து அவை நீந்தி வரவில்லை. ஒரு பெண் ரெட் கிளா வாலடியில் ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கான முட்டைகளைச் சுமக்கும். நீர்த்தேக்கத்தில் அதைத் தனித்தொட்டிக்கு மாற்ற யாரும் வரப்போவதில்லை.

எங்கள் கீழ்த்தளத்துக்காரர் இப்போது தனித்தொட்டியில் இருக்கிறார். மிஞ்சிய நாலு கோரிடோராஸுக்கு வேறு தொட்டி. போன வாரம் அவர் மறுபடி சாப்பாட்டைத் தள்ளிவிட்டுக் குழாய்க்குள் போய் உட்கார்ந்தார். நாலாம் நாள் காலை தரையில் கூடு கிடந்தது. மகன் வலையை எடுத்து ஒளித்து வைத்துவிட்டான். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அந்தக் கூட்டில் ஒரு மீசையும் கொடுக்கு நுனியும்தான் மிச்சம்.